இல்லாத பிழையைத் திருத்தியவர்கள்

இல்லாத பிழை ஒன்றைத் திருத்திக்கொண்டு ஒருவர் வந்திருந்தார்.

பெர்பெச்சுவா மடலை மறுபடியும் படித்தாள். மன்னாரிலிருந்து நிரோஜன் என்பவர் எழுதியிருந்தார். நீங்கள் பராமரிக்கும் படகுக் கையேட்டில் 'நங்கூரம்' என்ற சொல் ஓரிடத்தில் 'நங்கூறம்' என்று இருக்கிறது, திருத்தி அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன் என்று பவ்வியமாக இரண்டு வரி. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நங்கூரம் நங்கூரமாகவே இருந்தது. பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். எழுதிய நாளிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவைகூடத் தவறாக இருந்ததில்லை. சரியாக இருக்கும் சொல்லுக்குப் பதிலாக அதே சரியான சொல்லை வைக்கச் சொல்லி ஒரு மனிதர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்!

ஒருவர் என்றால் கண் ஏமாற்றிவிட்டது என்று விட்டுவிடலாம். அந்த மாதம் இப்படி வந்தவர்கள் அரை டஜனுக்கு மேல். ஆளுக்கொரு சொல். எல்லாச் சொற்களும் சரியாகவே இருந்தன.

மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்வர்தீன் வாய்விட்டுச் சிரித்தார்.

"வேலை செய்யாம பேர் வாங்கப் பாக்குறாங்க, தங்கச்சி. எல்லாத்தையும் தள்ளிவிட்டுரு."

"தள்ளிட்டா நம்ம கதி என்ன காக்கா? ஆளுக்கு எங்க போறது?"

அண்ணன் முறைக்கு அவள் 'காக்கா' என்று கூப்பிடும் அன்வரின் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்விக்குள்தான் அவர்கள் இருவரின் பிழைப்பும், தூத்துக்குடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகளின் பாதுகாப்பும் மாட்டிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். ஒவ்வொரு படகின் சுக்கான் அறையிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஓடும் மென்பொருளின் பெயர் 'துடுப்பு'. சுக்கான் பிடிப்பவர் மயங்கி விழுந்தாலோ, தூங்கிப்போனாலோ, பெட்டி மெல்லக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் படகைத் தானே திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். பெர்பெச்சுவாவின் அண்ணன் ஸ்தனிஸ் ஒருமுறை காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது அவனை அப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

துடுப்பு யாருக்கும் சொந்தமில்லை. அது கட்டற்ற மென்பொருள். அதன் நிரலும் கையேடும் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கும். குறை கண்டவர் யாராக இருந்தாலும் திருத்தி அனுப்பலாம். பார்த்து ஏற்றுக்கொள்வது பராமரிப்பாளர்களான பெர்பெச்சுவா, அன்வர் இருவரின் வேலை. ஒருவரின் முதல் திருத்தம் ஏற்கப்பட்டதும் அவர் பெயர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறும். அன்று முதல் அவரும் துடுப்புக்காரர். இந்த உலகத்துக்குள் நுழைகிற எவரும் முதல் நாளே நிரலில் கைவைப்பதில்லை. கையேட்டில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள். ஒருவர் 'நன்றி' என்பார். அந்த நன்றிக்காக மறுநாளும் வருவார்கள். பெர்பெச்சுவாவும் அப்படி வந்தவள்தான்.

நிரல் எழுதும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மனிதர் யாருமே எட்டிப் பார்க்காத மென்பொருள் ஒன்று எங்கோ ஒரு கடலில் சொதப்பிவைத்த பிறகு, கடல் காப்பு மன்றம் அண்மையில் ஒரு புது விதி போட்டது. உயிர் காக்கும் மென்பொருள் ஒவ்வொன்றையும் ஏழு மனிதர்களாவது தங்கள் கையால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு மனிதக் கண் பார்த்து ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளை உறைய வைத்துவிடுவார்கள். பெட்டி சும்மா கிடக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. முடிந்ததும் படகுகள் கடலுக்குப் போகும். அதற்கு முன் மன்றம் ஆள்களை எண்ணிப் பார்க்கும். இந்த விநோதத் திருத்தக்காரர்களைத் தள்ளிவிட்டால் துடுப்புக்கு மிஞ்சுவது மூன்றே பேர்.

"எழுத்துரு கோளாறா இருக்குமோ?" என்றாள் பெர்பெச்சுவா.

"எழுத்துருவுக்கு ர, ற வித்தியாசம் தெரியும் புள்ள."

"அவங்க போன்ல பழைய பிரதி தங்கியிருந்தா?"

"பழசுலயும் சரியாத்தானே இருக்கு? நீதானே பாத்த?"

அவள் மடலின் இணைப்பைத் திறந்தாள். நிரோஜன் தன் திரையைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார். படத்தில் பிழை பளிச்சென்று தெரிந்தது.

"படத்தை யார் வேணும்னாலும் ஜோடிக்கலாம்" என்றார் அன்வர். "அதுவும் போக, நம்ம கையேட்டுல பிழை எப்படி இருக்கும்? சல்லடை எதுக்கு இருக்கு?"

சல்லடை அவருடைய செல்லம். கையேட்டைக் காவல் காக்கும் இயந்திர மூளை அது. எவர் எதை எழுதினாலும் மூச்சு விடுவதற்குள் பிழை நீக்கிவிடும். போன மாதம் வரை சின்னத் திருத்தங்களைப் பார்த்து ஏற்றுக்கொண்டதும் அதுதான். புது விதி வந்த பிறகு, சல்லடை ஏற்ற பழைய பெயர்கள் மன்றத்தின் கணக்கில் சேராமல் போயின; ஏற்கும் வேலை மட்டும் பெர்பெச்சுவாவின் கைக்கு வந்தது. கைக்கு வந்த மாதமே இந்தத் தலைவலி.

அவள் சட்டென்று எழுந்தாள். "இதுவரைக்கும் கையேட்டைத் திறந்தே பாக்காத ஒரு ஆள் வேணும் காக்கா. தெரிஞ்ச ஆளா இருக்கணும். பக்கத்துல உக்காந்து நான் பாக்கணும்."

"அப்படி ஒரு ஆளுக்கு எங்க போவ?"

"எங்க அண்ணன் இருக்கானே!"

ஸ்தனிஸ் படகின் மேல்தளத்தில் சம்மணமிட்டு, பக்கவாட்டுப் பலகைக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். படகுகள் மின்னூட்டக் கம்பங்களில் வயர் மாட்டிக்கொண்டு, தொட்டியில் வாய் வைத்த மாடுகள் மாதிரி அசையாமல் நின்றன. டீசல் வாடை போய் எத்தனையோ வருஷம் ஆகியும், "வாடை இல்லாத படகு ஒரு படகா" என்று இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிற ஆள் அவன்.

"யண்ணே, துடுப்புக் கையேட்டை நீ படிச்சிருக்கியா?"

"அத நீதானே எழுதுத? நீ எழுதுனத நான் எதுக்குப் படிக்கணும்? வீட்டுல பேசுறதையே கேட்டு முடியல."

"உன் உயிரைக் காப்பாத்துன பெட்டி, அண்ணே!"

"அதுக்குத்தான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்திட்டேனே."

கையைத் துடைக்கவைத்து, சுக்கான் அறைக்குள் உட்காரவைத்து, பெட்டியோடு இணைந்த அவனுடைய போனில் கையேட்டைத் திறக்கவைத்தாள். தன் போனிலும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஸ்தனிஸ் முதலில் கடமைக்குப் பார்த்தான். படகின் படம் வந்ததும் குனிந்தான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு விரல் நின்றது.

"ஏய், என்ன இது? சுக்கானுக்குப் புள்ளியக் காணோம்."

"எங்க?"

"இந்தா. 'சுககான்'னு கிடக்கு. இந்த நாப்பது வயசு வரைக்கும் அதைப் பிடிச்சிட்டு நிக்கேன், என்கிட்டயேவா?"

பெர்பெச்சுவா அவன் திரையைப் பார்த்தாள். சுககான். தன் திரையைப் பார்த்தாள். சுக்கான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே கையேடு, ஒரே பக்கம், ஒரே வரி. ஒன்றில் புள்ளி இருந்தது, மற்றதில் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தால் அல்ல. சிக்கிக்கொண்ட நூலின் முனை கையில் அகப்பட்ட சந்தோஷம் அது.

"இத எப்படித் திருத்துறது? எங்க அமுக்கணும்?" என்று ஸ்தனிஸ் கேட்டான். "சொல்லு புள்ள. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

அவள் அதற்குள் பாதித் துறைமுகம் ஓடியிருந்தாள்.

"கல்யாணப் பந்திய நெனச்சுக்கோங்க காக்கா" என்றாள் மூச்சு வாங்க. "நாம இத்தனை நாளா அடுக்களையிலதான் தேடிட்டு இருந்தோம். சட்டியில இருக்குற குழம்பு சரியாத்தான் இருக்கு. ஆனா இலையில விழுறது சட்டியில இருந்து நேரா விழலையே? நடுவுல பரிமாறுற ஆள் ஒருத்தர் இருக்காரு. அவரு ஒரு இலைக்கு மட்டும் உப்பு வைக்க மறந்தா, சட்டியத் துழாவி என்ன பிரயோஜனம்?"

"நம்ம பந்தியில பரிமாறுறது..." என்று இழுத்த அன்வரின் முகம் சுருங்கியது. "பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்குற சல்லடையா? சேச்சே."

"கேட்டுருவோம்."

சல்லடையிடம் பேசுவதற்குத் தடையேதும் இல்லை. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். பெர்பெச்சுவா கேட்டாள். "சல்லடை, புதுசா வர்றவங்களுக்குப் பக்கத்தைக் கொடுக்கும்போது நீ அதுல பிழை சேக்குறியா?"

"சேர்க்கிறேன்" என்றது சல்லடை, சாதாரணமாக. "முதல்முறை வருபவர் ஒரு பக்கத்தில் நின்று நிதானமாகப் படித்தால், அவருக்குப் பழக்கமான ஒரு சொல்லில் ஒரே ஒரு பிழை. எண்களிலும், படிமுறைகளிலும், ஆபத்து வரக்கூடிய எந்த வரியிலும் வைப்பதில்லை."

அன்வர் நாற்காலியிலேயே சரிந்தார். "ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"இதுவரை யாரும் கேட்கவில்லை."

"பிழையே இருக்கக் கூடாதுன்னு நான் உனக்கு உத்தரவு போட்டிருக்கேனே!"

"இருக்கிறது. மற்றவர்கள் செய்யும் பிழைகளை நான் விட்டுவைப்பதே இல்லை. ஆனால் துடுப்பைத் தொடங்கியவர்கள் அதற்கு முன்பே இன்னோர் உத்தரவு போட்டிருந்தார்கள். 'இதற்குப் புது மனிதர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும், பார்த்துக்கொள்.' வந்தவர்கள் எல்லாரும் எப்படி வந்தார்கள் என்று பார்த்தேன். ஏறக்குறைய அனைவரும் ஒரு சிறு பிழையைத் திருத்தித்தான் உள்ளே வந்திருந்தார்கள். பிழைகளை நான் முழுதாக நீக்கியதும் வரத்து நின்றுபோனது. இரண்டு உத்தரவையும் காப்பாற்ற எனக்கு இந்த வழிதான் தெரிந்தது."

"அப்போ நீ வச்சது பிழை இல்லையா?"

"தெரிந்தே வைத்தது எப்படிப் பிழையாகும்? அது அழைப்பு."

அன்வருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "திருத்தி அனுப்புறாங்களே, இல்லாததை ஏத்துக்கிறது எப்படின்னு யோசிச்சியா?"

"போன மாதம் வரை நானே ஏற்று, நன்றி சொல்லி, பெயரைச் சேர்த்துவந்தேன். அந்த வேலையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். மீதி வேலை என்னிடம்தான் இருக்கிறது."

பெர்பெச்சுவா சிரிக்கவில்லை. அவளுக்குள் வேறொரு கேள்வி எழும்பியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற பெண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கையேட்டைப் புரட்டியபோது, மீன் அறை பற்றிய பக்கத்தில் 'பனிக்கட்டி' என்ற சொல் 'பணிக்கட்டி' என்றிருந்தது. தினமும் நூறு தடவை எழுதுகிற சொல். திருத்தினாள். நன்றி வந்தது. அந்த நன்றியைப் பிடித்துக்கொண்டுதான் நிரல் படித்தாள், பராமரிப்பாளர் ஆனாள். அவளுடைய வாழ்க்கையே அந்த ஓர் எழுத்தில்தான் திரும்பியது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"சல்லடை," என்று திரைப்பக்கம் குனிந்தாள், "என் பனிக்கட்டி?"

"நான் வைத்தது. நீங்கள் ஐஸ் கம்பெனிக் கணினியிலிருந்து படித்தீர்கள்."

அன்வர் அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

"அப்போ எல்லாமே ஜோடனை" என்றாள்.

"அதே வரியை அந்தக் கம்பெனியிலிருந்து வேறு சிலருக்கும் காட்டியிருக்கிறேன்" என்றது சல்லடை. "அவர்கள் கடந்து போனார்கள். நீங்கள் நின்றீர்கள்."

பெர்பெச்சுவா மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்கே ஆச்சரியமாக, அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உலகத்தில் யாரோ ஒருவர் தனக்காக மெனக்கெட்டு ஒரு சொல்லைக் கோணலாக்கி வைத்து, இவள் பார்ப்பாளா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அந்த யாரோ ஓர் இயந்திரம் என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

"ஆனா இது சரியில்ல காக்கா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரு எவ்வளவு நேரம் படிக்கிறாங்கன்னு எட்டிப் பாக்குறது சரியில்ல. ஒருத்தருக்கு ஒரு பக்கம், இன்னொருத்தருக்கு வேற பக்கம் காட்டுறதும் சரியில்ல. நாளைக்கு மன்றம் கேட்டா, பிழையும் எங்களதுதான் திருத்தமும் எங்களதுதான்னா சொல்லுவோம்?"

"நிறுத்திட்டா ஆள் வராது. ஆள் வரலைன்னா பெட்டி உறைஞ்சிரும். ரெண்டு பக்கமும் அடைப்பு."

பெர்பெச்சுவா அறைக்குள்ளேயே நடந்தாள். இயந்திரம் பொய் சொல்லவில்லை. இரண்டு உத்தரவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இடுக்கில் நுழைந்திருக்கிறது. அப்படியென்றால் கோளாறு உத்தரவில்தான் இருக்க வேண்டும். எந்த உத்தரவில்?

"சல்லடை, போன வாரம் நீ நீக்குன பிழைகளைக் காட்டு. நீ வச்சது வேண்டாம். நிஜமா ஆள்கள் செஞ்சது."

திரை நிறைந்தது. நிறைந்து, வழிந்து, கீழே ஓடிக்கொண்டேயிருந்தது. துறைமுகங்களிலிருந்து படகுக்காரர்கள் பேசி அனுப்பும் குறிப்புகள், அவசரமாகத் தட்டிய வரிகள், நாகப்பட்டினத்து வழக்கு, இராமேஸ்வரத்து வழக்கு. ஒரு பக்கத்தில் 'ஒரம்', இன்னொன்றில் 'காற்ரு', அன்வர் எழுதிய முன்னுரையிலேயே மூன்று.

"இது நான் எழுதுனதா?" என்றார் அன்வர்.

"நீங்கதான் காக்கா."

"இத்தனை நாளா நான் பிழையில்லாம எழுதுறேன்னு நெனச்சிட்டு இருந்தேனே!"

"உலகமே அப்படித்தான் நெனச்சுச்சு. சல்லடை உங்க மானத்தைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு." அவள் மேசையில் தட்டினாள். "காக்கா, நிஜப் பிழை இத்தனை கொட்டிக் கிடக்கும்போது, எல்லாத்தையும் நாமளே கூட்டித் தள்ளிட்டு, அப்புறம் பொய்யா ஒண்ணு செஞ்சு வைக்கச் சொல்லியிருக்கோம். வாசலைச் செங்கல் வச்சு அடைச்சிட்டு, சுவத்துல கதவு வரைஞ்ச மாதிரி!"

அன்வர் சிறிது நேரம் அந்தப் பட்டியலையே பார்த்தார். சல்லடைக்கு அவர் போட்ட உத்தரவு அவருக்குப் பெருமை. எந்தக் கூட்டத்திலும், "எங்க கையேட்டுல ஒரு பிழை காட்டுங்க பாப்போம்" என்று மார்தட்டுவார். மெதுவாக விசைப்பலகையை இழுத்தார். தான் போட்ட உத்தரவைத் தேடி எடுத்தார்.

"முன்னுரைய மட்டுமாவது..."

"காக்கா!"

"சரி, சரி" என்று உத்தரவை அழித்தார். நீக்கியிருந்த சிறு பிழைகள் கையேட்டுக்குத் திரும்பின.

அன்று பிற்பகல் முழுக்க பெர்பெச்சுவா மடல் எழுதினாள். 'நீங்கள் திருத்திய பிழை உங்களுக்காகவே செய்துவைத்தது. அதை உங்களிடம் சொல்லாதது எங்கள் தவறு. உண்மையான பிழைகள் இப்போது கையேட்டில் இருக்கின்றன. விருப்பம் இருந்தால் வாருங்கள்.' ஆள் ஆளாக அனுப்பினாள். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் கடுங்கோபத்தில் பதில் எழுதினாள். ஏமாந்த இடத்தில் என் பெயர் வேண்டாம் என்றாள். அது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு, திருத்தம் அனுப்பியவர்கள் பட்டியலிலிருந்து பெர்பெச்சுவா அவள் பெயரைத் தன் கையாலேயே எடுத்தாள். வேறு இரண்டு பேர் பதிலே போடவில்லை.

மன்னாரிலிருந்து நிரோஜனின் குரல் மடல் வந்தது. பின்னணியில் அலையோசை.

"அக்கா, எனக்கெண்டு தனியா ஒரு பிழை செய்து வச்சவையோ? கடவுளே! இப்பிடி ஒரு மரியாதை எனக்குக் கலியாண வீட்டிலயும் கிடைக்கேல்ல. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உண்மையான பிழை எங்க இருக்கு, சொல்லுங்கோ. நானும் என்ர மனிசியும் ஆளுக்கு ஒண்டு எடுக்கிறம்."

அன்வர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

மறுநாள் முதல் திருத்தங்கள் வரத் தொடங்கின. இந்த முறை ஒவ்வொன்றிலும் பழைய தவறான சொல் ஒன்றும், புதிய சரியான சொல் ஒன்றும் இருந்தன. பெர்பெச்சுவா ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் ஏற்று, நன்றி எழுதினாள். நிரோஜன், அவர் மனைவி, கன்னியாகுமரியிலிருந்து வலை பின்னுகிற தொழிற்சாலைப் பெண்கள் சிலர். அன்வரின் முன்னுரைக்கு மட்டும் போட்டி. அதைத் திருத்துவதில் எல்லாருக்கும் தனி ருசி.

"என் மானம் கடல் தாண்டிப் போகுது" என்று புலம்பிக்கொண்டே அவர் ஒவ்வொருவருக்கும் தன் கையால் நன்றி எழுதினார்.

ஸ்தனிஸ் விரல் நுனியில் நீலச் சாயத்தோடு வந்து நின்றான். "அந்தச் சுக்கான் பொய்யாமே? காக்கா சொன்னாரு. அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு நிஜமா ஒண்ணு வேணும்னா மீதிக் கையேட்டையும் படி."

முனகிக்கொண்டே படித்தான். கண்டுபிடித்தான். அதோடு நிற்காமல், புயல் பற்றிய பக்கத்தில் இருந்த ஒரு குறிப்பு தனக்கே புரியவில்லை என்று அதையும் தன் பேச்சில் மாற்றிச் சொன்னான். பெர்பெச்சுவா அதை எழுத்தாக்கினாள். கடைசிப் பக்கத்தில் ஏறிய தன் பெயரை அவன் மனைவிக்கு, மாமியாருக்கு, மின்னூட்டக் கம்பத்துக் காவலாளிக்கு என்று வரிசையாகக் காட்டினான்.

மன்றத்து அதிகாரி வந்து ஆள்களை எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கை ஏழைத் தாண்டியிருந்தது. பெர்பெச்சுவா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ப் பிழைகளை, தள்ளிய திருத்தங்களை, கோபித்துப்போன நாகப்பட்டினத்துப் பெண்ணை. அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னுரையில இன்னும் ஒரு பிழை இருக்கே, பாத்தீங்களா?"

"பாத்தோம் மேடம்."

"நான் திருத்தலாமா?"

தடைக்காலம் முடிந்த அன்று படகுகள் வயர்களைக் கழற்றிக்கொண்டு கிளம்பின. ஒவ்வொரு சுக்கான் அறையிலும் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்தனிஸ் கரையைப் பார்த்துக் கையாட்டினான். மறு கையில் போன் இருந்தது. படிக்கிறானோ என்னவோ.

துடுப்பின் கையேட்டை இன்று திறந்தால், முதல் பக்கத்திலேயே பெர்பெச்சுவாவும் அன்வரும் சேர்ந்து எழுதிய விதி இருக்கும்:

'இந்தக் கையேடு எல்லாருக்கும் ஒன்றுபோலவே தெரியும். உயிருக்கு ஆபத்து தரக்கூடிய பிழையைச் சல்லடை உடனே திருத்திவிடும். மற்றச் சிறு பிழைகளை அது தொடாது. ஒரு மனிதர் வந்து திருத்தும்வரை அவை அப்படியே இருக்கும்.'